மரீஸ் கோந்தேயை மீண்டும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்

பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதுகலை பிரெஞ்சுப் படிப்பின் புதிய சிலபஸைப் பார்த்தேன். மூன்றாம் செமஸ்டரில் இருந்த 'பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சு இலக்கியம்' என்ற தாள் அதில் இல்லை. அந்த இடத்தில் 'வணிகத் தொடர்புக்கான பிரெஞ்சு' வந்திருக்கிறது. தாளோடு சேர்ந்து கரீபிய எழுத்தாளர் மரீஸ் கோந்தேயும் போய்விட்டார். பழைய தாளை வடிவமைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வு பெறும்வரை அதை நடத்தியவளும் நான்தான். முதலில் உங்களுக்குத் தனிக் கடிதம்தான் எழுதினேன். "குழு முடிவெடுத்துவிட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையும் உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. யாரையும் தலைகுனிய வைக்க எனக்கு விருப்பமில்லை. எடுத்த முடிவு மாற வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் எதையும் நீங்கள் எழுத்தில் தரவில்லை. கூட்டத்தில் பேசப்பட்டவற்றை உங்களில் சிலரே என்னிடம் சொன்னார்கள். கோந்தே அப்படியொன்றும் பெரிய எழுத்தாளர் இல்லை, பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர்கூட வாங்காதவர்; கரீபியத் தீவுகளின் பேச்சுமொழியான கிரியோல் கலந்த அவருடைய பிரெஞ்சு நம் பிள்ளைகளுக்குக் கடினம்; அவருடைய கதைகளில் வரும் உறவுகள் வகுப்பில் பேசத் தகாதவை; படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்க வேண்டும், அதற்கு இந்த நாவல்கள் உதவாது. இந்த நான்குக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் அவர் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் அடித்துவிட்ட பெயருக்குப் பின்னால் எத்தனை நூல்கள், எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கின்றன என்று குழுவில் யாரும் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

மரீஸ் கோந்தே 1934 பிப்ரவரி 11 அன்று பிரான்சுக்குச் சொந்தமான கரீபியத் தீவான குவாதலூப்பில், புவாந்த்-ஆ-பித்ர் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தாய் பள்ளி ஆசிரியை. அந்தத் தலைமுறையில் ஆசிரியை ஆன மிகச் சில கறுப்பினப் பெண்களில் ஒருவர். தந்தை வங்கித் தொழிலில் இருந்தவர். வீட்டில் கிரியோல் பேச்சு கிடையாது, பிரெஞ்சுதான். 1999இல் வந்த தன் சிறுபருவ நினைவு நூலை அவர் ஒரு பாரீஸ் காப்பிக் கடையில் தொடங்குகிறார். குடும்பம் விடுமுறைக்குப் போயிருக்கிறது. பரிமாறுகிறவர்கள் வியந்துபோய், "எவ்வளவு நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறீர்கள்!" என்கிறார்கள். பெற்றோர் புன்னகையோடு தலையாட்டிக்கொள்கிறார்கள். நாம் இவர்களைவிடவும் பிரெஞ்சுக்காரர்கள் என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணன் சாந்திரினோ பிறகு தங்கையைத் தனியே கூப்பிட்டு, அப்பாவும் அம்மாவும் தங்களுக்கே அந்நியமாகிப் போனவர்கள் என்கிறான். சிறுமிக்கு அது புரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்க விடவில்லை.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வரும் வீடுகள், ஜூலை 14 அன்று மூவண்ணப் பட்டையோடு அணிவகுக்கும் முதியவர்கள், 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று அண்ணன் தம்பிக்குள் பிரிந்துபோன குடும்பங்கள் எல்லாம் நம்மிடமும் உண்டு. நான் இந்தப் பகுதியை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவி, "எங்க தாத்தாவும் இப்படித்தான் மேடம்" என்பாள். மோலியேரையும் வொல்தேரையும் நான் விரும்பித்தான் நடத்தினேன். ஆனால் அந்தப் பாடங்களில் இப்படி ஒரு குரல் எழுந்து நான் கேட்டதில்லை.

1953இல் படிக்கப் பாரீஸ் போனார் கோந்தே. 1958இல் கினி நாட்டு நடிகர் மமாது கோந்தேயை மணந்தார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனார். ஐவரி கோஸ்ட், அதிபர் செகு தூரேயின் கினி, அதிபர் இங்க்ருமாவின் கானா, பிறகு செனகல் என்று சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்தார். நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டு, பல நேரம் தனியாக, ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டு அலைந்தார். கானாவில் 1966 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு உளவாளி என்ற சந்தேகத்தில் பிடிபட்டு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். ஆப்பிரிக்கா தன் தாய்மண், அங்கே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போன ஒரு கரீபியப் பெண்ணுக்கு அங்கே கிடைத்தது சர்வாதிகாரமும் பசியும் சந்தேகமும். அதை மறைக்காமல் எழுதினார். அதற்காக இரு கரையிலும் திட்டு வாங்கினார்.

முதலில் எழுதியது நாடகங்கள். 1972லும் 1973லும் இரண்டு நாடகங்கள் அச்சாயின. முதல் நாவல் 'எரெமாகோனோன்' 1976இல் வந்தபோது அவருக்கு வயது 42. விற்பனை இல்லை என்று சில மாதங்களிலேயே பதிப்பகம் பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டது. விமர்சகர்களும் நல்லவிதமாக எழுதவில்லை. எத்தனையோ பேர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1984லும் 85லும், 'சேகு' நாவல் இரண்டு பாகங்களாக வந்தது. இன்றைய மாலி நாட்டிலிருந்த பம்பாரா அரசு இஸ்லாமின் வருகையாலும் அடிமை வணிகத்தாலும் காலனி ஆதிக்கத்தாலும் சிதைவதை ஒரே குடும்பத்தின் வழியாகச் சொன்ன நாவல் அது. ஆயிரக்கணக்கில் விற்றது. வெள்ளையர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகராமல், ஆப்பிரிக்கரே ஆப்பிரிக்கரை விற்றதையும் அதில் எழுதினார்.

1986இல் 'நான், தித்துபா'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சேலம் என்ற ஊரில் 1692இல் நடந்த சூனியக்காரி வழக்குகளில் முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் தித்துபா என்ற அடிமைப் பெண்ணும் ஒருத்தி. வழக்கு ஏடுகளில் அவளுக்குச் சில பக்கங்கள்தான். விடுதலைக்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்பதுகூடப் பதிவில் இல்லை. கோந்தே அவளுக்கு ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்தார். அந்த நாவலுக்குப் பெண் எழுத்துக்கான பெரும் பரிசு கிடைத்தது. அடுத்து வந்த 'லா வீ செலேராத்' நாவலுக்கு 1988இல் பிரெஞ்சு அகாதமியின் பரிசு. 1997இல் 'தேசிராதா' நாவலுக்குக் கரீபிய இலக்கியத்துக்கான கார்பே பரிசு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி பேசும் நாடுகள் அனைத்தின் இலக்கியத்துக்குமாக ஓர் ஆய்வு மையத்தை நிறுவி நடத்தினார். 2004இல் பிரெஞ்சு அரசு அமைத்த அடிமை முறை நினைவுக் குழுவின் முதல் தலைவர் அவர்தான். மே 10ஆம் நாளை பிரான்சு 2006 முதல் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது அந்தக் குழுவின் பரிந்துரையால்.

2018இல் ஸ்வீடன் அகாதமி தன் உள்விவகாரங்களால் நோபல் இலக்கியப் பரிசை அறிவிக்க முடியாமல் நின்றபோது, அந்த நாட்டின் எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து அந்த ஓராண்டுக்கு மட்டும் 'புதிய அகாதமி' என்ற ஒன்றை உருவாக்கிப் பரிசு தந்தார்கள். அது மரீஸ் கோந்தேக்குக் கிடைத்தது. புயலோ நிலநடுக்கமோ வந்தால் மட்டும் பேசப்படும் தன் சின்னத் தீவின் பெயர் இந்த முறை வேறொன்றுக்காகப் பேசப்படுகிறது என்று அப்போது மகிழ்ந்தார். கடைசி நாவல் வந்தது 2021இல். பார்வை மங்கி, கை எழுத மறுத்த நிலையில் அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியது. அதை அவருடைய கணவர் ரிச்சர்ட் ஃபில்காக்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றபோது கோந்தேக்கு வயது 89. மறு ஆண்டு ஏப்ரல் 2 அன்று தென் பிரான்சில் காலமானார்.

கோன்கூர் கிடைக்கவில்லை என்பது உண்மை. நம் சிலபஸில் இப்போதும் இருக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் கோன்கூர் வாங்கியவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பரிசு 1903இல் தொடங்கியது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்கள்தான் பட்டியலில் பாதிக்குமேல் இருக்கிறார்கள்.

நாடகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோந்தே நாடக ஆசிரியர் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டைப் பாரீஸ் பெரும் செலவில் கொண்டாடியது. குவாதலூப்பின் மண்டல மன்றமும் தன் பங்குக்கு ஒரு நாடகம் கேட்டது. கோந்தே எழுதியது 'ஆன் தான் ரெவோலிஸ்யோன்'. தலைப்பு கிரியோலில், 'புரட்சிக் காலத்தில்' என்று பொருள். தீவின் பழைய கோட்டை ஒன்றில் மேடையேறியது. புரட்சி கறுப்பின மக்களுக்கு என்ன கொடுத்தது என்று அது நேராகக் கேட்கிறது. 1794இல் பாரீஸ் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியனின் படை வந்து அதே தீவில் அடிமை முறையைத் திரும்பவும் நிறுவியது. எட்டு ஆண்டு சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி விலங்கு. எதிர்த்து நின்ற லூயி தெல்கிரெசும் தோழர்களும் தீவின் மதூபா என்ற இடத்தில் சரணடைய மறுத்து, வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தங்களையே மாய்த்துக்கொண்டார்கள். இதைப் படிக்காமல் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று மட்டும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது அரைப் பாடம். அந்த நாடகத்தின் சில காட்சிகளை மாணவர்கள் துறை விழாவில் நடித்திருக்கிறார்கள். பிரெஞ்சில் ஒரு வாக்கியம் பேசக் கூசிய பிள்ளைகள், இதற்காக மனப்பாடம் செய்து, குரலை உயர்த்திப் பேசினார்கள். விழாவுக்கு வந்திருந்த பெற்றோரில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. மேடையில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கும் புரிந்தது.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவே வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

குவாதலூப்பில் அடிமை முறை இறுதியாக ஒழிந்தது 1848இல். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆள் தேடி அவர்கள் வந்தது நம் கரைக்கு. 'ஒரேலி' என்ற கப்பல் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு 1854 டிசம்பர் 24 அன்று புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தை அடைந்தது. அதன் பிறகு 1889 வரை புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும், பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும், சுமார் 42,000 பேர் அந்த ஒரு தீவுக்கு மட்டும் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். நோயிலும் வேலைக் கொடுமையிலும் செத்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே மாரியம்மனை 'மாலியேமேன்' என்று கும்பிடுகிறார்கள். காபெஸ்தேர் அருகே ஷாங்ஜியில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. நம் மசாலாக் குழம்பு அங்கே 'கொலம்போ' என்ற பெயரில் தீவு முழுவதற்குமான சாப்பாடாகிவிட்டது. அந்த மக்களுக்கு வாக்குரிமையும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வேண்டும் என்று 1904இல் வழக்காடத் தொடங்கி 1923 வரை விடாமல் நின்று வென்றவர் ஆன்றி சிதம்பரோம். அவருடைய குடும்பப் பெயர் எந்த ஊரிலிருந்து போனது என்று நம் பகுதிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அப்படி ஒருவர் இருந்தார் என்பதை யாராவது சொல்ல வேண்டும். பள்ளியில் சொல்லவில்லை. நம் தாளில்தான் சொன்னோம்.

அந்த மக்களைத் தன் நாவலுக்குள், முதல் வரிசையில், பெயரும் கோபமும் ஆசையும் உள்ள மனிதர்களாகக் கொண்டுவந்தவர் கோந்தே. 1989இல் வந்த 'த்ரவெர்சே த லா மாங்க்ரோவ்' (அலையாத்திக் காட்டைக் கடத்தல்) அந்த நாவல். ரிவியேர் ஓ செல் என்ற மலைக்கிராமம். எங்கிருந்தோ வந்து குடியேறிய பிரான்சிஸ் சான்செர் என்பவன் ஒரு மாலையில் சேற்றில் முகம் குப்புறக் கிடக்கிறான். முதலில் பார்ப்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியை லெயோகாதி திமோத்தே. அன்றிரவு ஊர் சாவு வீட்டில் கூடுகிறது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒருவர் தன் மனத்துக்குள் பேசுகிறார். தபால்காரர், ஹைத்தியிலிருந்து வந்த கூலியாள், நிலக்காரனின் மகள் என்று ஊரே பேசுகிறது. அந்த வரிசையில் ராம்சரன் குடும்பம் வருகிறது. அப்பா சில்வெஸ்த்ர், அம்மா ரோசா, மகள் வில்மா, மகன் கார்மேலியன். இந்திய ஒப்பந்தத் தொழிலாளிகளின் வழிவந்தவர்கள். இப்போது பணமும் நிலமும் உண்டு, ஆனாலும் ஊரின் பார்வையில் 'கூலி'. வில்மா வயிற்றில் இறந்துபோனவனின் குழந்தை.

இரவு முழுக்கக் கண் விழித்து, செத்தவனைப் பற்றிப் பேசுவதாக ஆரம்பித்து அவரவர் வாழ்க்கையைப் பேசி முடிக்கும் அந்த அமைப்பு நம் மாணவர்களுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். நம் சாவு வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. தன் புத்தகத்துக்கு இந்தத் தலைப்பை வைக்கப்போவதாகச் சான்செர் சொல்லும்போது வில்மா மறுக்கிறாள். அலையாத்திக் காட்டை யாரும் கடக்க முடியாது, வேர்கள் குத்திக் கிழிக்கும், உப்புச் சேற்றில் புதைந்து மூச்சு முட்டும் என்கிறாள். பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த வரிக்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

வகுப்பில் இந்த நாவலை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. வில்மா தன் அத்தியாயத்தை ஆரம்பிக்கும்போதே, தன் இந்திய மூதாய் ஒருத்தியைப் போல அவனோடு சிதையேற ஆசைப்படுகிறாள். ஒரு மாணவி புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டாள். "எங்க ஊர்ல இருந்து போனவங்க கட்டடமும் வயலும் பார்த்த ஜனங்க மேடம். எந்தப் பாட்டி உடன்கட்டை ஏறினா? இந்த அம்மா நம்மளப் பத்திப் படிச்சது வெள்ளைக்காரன் எழுதினதத்தான்" என்றாள். இன்னொருவன், ராம்சரன் என்ற பெயரே வடக்கத்திப் பெயர், கல்கத்தாக் கப்பலில் போன குடும்பமாக இருக்கலாம் என்றான். மூன்றாவதாக ஒருத்தி, நூற்றுமுப்பது ஆண்டு கழித்துத் தீவில் பிறந்த பெண்ணுக்கு இந்தியா என்றால் அந்தச் சிதைப் படம்தான் மிஞ்சியிருக்கும், நாவல் காட்டுவது அந்த இழப்பைத்தான் என்றாள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. முழு விவாதமும் பிரெஞ்சில்தான் தொடங்கியது, கோபம் ஏறியபோது தமிழுக்கு மாறியது, திரும்பவும் பிரெஞ்சுக்கு வந்தது. சண்டைக்கு வந்த அந்த மாணவிதான் பிறகு கோந்தேயின் இந்தியக் கதாபாத்திரங்களைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். மொழிப்பாடத்தில் நான் விரும்பிய எல்லாம் அந்த வகுப்பில் நடந்தன. எழுத்தாளரை எதிர்த்துக் கேட்கும் துணிவு அதில் முதன்மையானது. நீங்கள் எடுத்துவிட்டது அந்த வகுப்பை.

கடினம் என்ற காரணத்துக்கு வருவோம். கோந்தேயின் பிரெஞ்சில் ஆங்காங்கே கிரியோல் சொற்கள் வருகின்றன. பல பதிப்புகளில் அடிக்குறிப்பும் உண்டு. அதே மாணவர்களுக்கு முதல் செமஸ்டரில் பதினேழாம் நூற்றாண்டு ரசீனின் செய்யுள் நாடகத்தை வைக்கிறோம். எனக்குத் தெரிந்து அதில் திணறியவர்கள்தான் அதிகம். அதைக் கடினம் என்று யாரும் எடுத்துவிடவில்லை. எடுக்கவும் வேண்டாம். ஆனால் ஒரே அளவுகோலை இருவருக்கும் வையுங்கள்.

தகாதவை என்று சொன்னது எனக்கு வருத்தம் தந்தது. பாலியல் தொழிலாளி ஒருத்தியை மையமாக வைத்த மோப்பசானின் கதை இளங்கலையிலேயே இருக்கிறது. 1857இல் ஒழுக்கக் கேடு என்று நீதிமன்றம் தண்டித்த போத்லேரின் கவிதை நூல் இருக்கிறது. அதே ஆண்டு வழக்குக்கு உள்ளான ஃப்ளோபேரின் நாவலும் இருக்கிறது. பிரெஞ்சு ஆண்கள் எழுதினால் இலக்கியம் என்றும், கரீபியப் பெண் ஒருத்தி, கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான ஒரு பெண்ணின் மனத்துக்குள்ளிருந்து எழுதினால் தகாதது என்றும் நாம் சொல்லலாமா? அப்படி ஒரு எண்ணம் உங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் முடிவைப் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் படும். எங்கள் வகுப்புகளில் பாதிக்குமேல் பெண்கள். அவர்கள் இதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

வேலை என்பது லேசான காரணம் இல்லை. நம் மாணவர்களில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கட்டணம் கட்டச் சங்கிலியை அடகு வைத்த பெற்றோரை எனக்கு நேரில் தெரியும். வணிகப் பிரெஞ்சு தேவை, அதை எதிர்க்கவே இல்லை. ஆனால் அந்தப் பிரெஞ்சை யாரோடு பேசப்போகிறார்கள்? பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பான பிராங்கோபோனி அமைப்பு 2022இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் பிரெஞ்சு பேசுவோர் 32 கோடியே 10 லட்சம். அதை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களில் பாதிக்குமேல் ஆப்பிரிக்கக் கண்டத்தில் இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பிரெஞ்சுச் சேவை மையங்களில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு டக்காரிலிருந்தும் அபிஜானிலிருந்தும் அழைப்பு வருகிறது. "பாரீஸ் உச்சரிப்பை மட்டும் கேட்டுப் பழகியிருந்தால் முதல் வாரமே திணறியிருப்பேன், உங்க தாள்தான் கைகொடுத்தது" என்று அவர்களில் ஒருத்தி எழுதினாள். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். பிரான்சை மட்டும் தெரிந்துகொண்ட பிரெஞ்சுப் பட்டதாரி, வேலைச் சந்தையிலும் பாதிதான் தயாரானவர்.

இன்னொன்றும் காதுக்கு வந்தது. தாள் போய்விட்டதால் அதற்காக வாங்கிய நூல்களை நூலகம் கழித்துக்கட்டும் பட்டியலில் சேர்த்திருக்கிறதாம். அந்த நூல்களில் சில பாரீஸிலிருந்து மாணவர்களின் உறவினர்கள் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவை. ஒரு பிரதியைப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்து ஒரு வகுப்பே படித்த காலமும் உண்டு. தன் முதல் நாவல் அழிக்கப்பட்டதைப் பார்த்த எழுத்தாளரின் நூல்களை நம் கையாலும் குப்பைக்கு அனுப்ப வேண்டாம்.

நான் கேட்பவை இவை. புதிய கல்வியாண்டு தொடங்குவதற்குள் குழுவைக் கூட்டி, நீக்கிய தாளை மூன்றாம் செமஸ்டரில் கட்டாயத் தாளாகவே திரும்ப வையுங்கள். விருப்பத் தாளாக வைத்தால், ஆசிரியர் இல்லை என்று அடுத்த ஆண்டே அது நின்றுவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வணிகப் பிரெஞ்சுக்கு இடம் வேண்டுமானால் நான்காம் செமஸ்டரில் இரண்டு தாள்களில் பாதிப் பகுதி ஒன்றாகவே இருக்கிறது, அவற்றை இணைத்தால் இடம் கிடைக்கும். அதற்கான வரைவை ஏற்கனவே தலைவர் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், அதைக் கூட்டத்தில் வையுங்கள். கோந்தேயின் ஒரே நூலுக்குத்தான் இடம் என்றால் 'த்ரவெர்சே த லா மாங்க்ரோவ்' நாவலை வையுங்கள். 'ஆன் தான் ரெவோலிஸ்யோன்' நாடகத்திலிருந்து சில காட்சிகளை மார்ச் 20 பிராங்கோபோனி நாளுக்காவது மாணவர்கள் நடிக்கட்டும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரீபியத் தீவுகளுக்குப் போனவர்களின் வரலாற்றை அந்தத் தாளின் முதல் அலகாகச் சேருங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு, கோந்தேயின் ஒரு பகுதியைப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குப் பெயர்ப்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நூலகப் பட்டியலை இந்த வாரமே நிறுத்தி வையுங்கள். தாளை நீக்கிய கூட்டத்தின் குறிப்பை, காரணங்களோடு, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இப்போது படிக்கும் மாணவர் இருவரையும் இந்தத் தாளைப் படித்து வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர் இருவரையும் அழைத்து, முடிவெடுக்கும் முன் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தாளை நடத்த ஆள் இல்லை என்பது தடையாக இருந்தால், ஊதியம் எதுவும் இல்லாமல் முதல் ஆண்டு நான் வந்து நடத்துகிறேன். புதிய ஆசிரியர்களுக்கு என் குறிப்பேடுகள் அனைத்தையும் தருகிறேன். இதற்கான பதிலை எழுத்தில், காரணங்களோடு அனுப்புங்கள்.

ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
காரைக்கால்